ஒற்று மிகும் இடம்

மீட்டர்காரருக்குக் குடிநீர் வாரியம் ஒரு கைப்பேசி கொடுத்தது. கொடுத்தது என்று சொல்வதே தப்பு. அவர் கையெழுத்துப் போட்ட தாளில் 'ஒப்படைக்கப்பட்டது' என்றுதான் இருந்தது. கொடுத்த பொருள் உடைந்தால் வருத்தப்படுவார்கள், ஒப்படைத்த பொருள் உடைந்தால் விசாரணை வைப்பார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

மீட்டர்காரர் அந்த வாரியத்தில் ஒன்பது வருடமாகத் தற்காலிகம். வீடு வீடாகப் போய், வாசல் மூலையில் சிலந்தி குடியிருக்கும் மீட்டரைக் குனிந்து பார்த்து, எண்ணை எழுதிக்கொண்டு வருவது வேலை. இனிமேல் எழுத வேண்டாம், படம் எடுத்தால் போதும் என்றுதான் கைப்பேசி வந்தது. கூடவே பதினான்கு பக்க விதிமுறையும் வந்தது. ஆறாவது விதி இப்படி இருந்தது: 'திரையில் கீறல் விழுந்தால் அது ஊழியரின் கவனக்குறைவு. கீறலே விழாவிட்டால் கைப்பேசி பயன்படுத்தப்படவில்லை என்று கருதப்படும்.'

அதை அவர் மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் சந்தேகம்தான் வந்தது. வேறு சமயமாக இருந்தால் எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பார். ஆனால் மாதக் கடைசியில் நிரந்தரப் பட்டியல் வரப்போகிறது என்று பேச்சு. தன் மேல் கோப்பு எதுவும் நிலுவையில் இல்லாத தற்காலிகங்களை நிரந்தரமாக்குவார்களாம். ஒன்பது வருடமாக அவர் மேல் ஒரு கோப்பும் கிடையாது. கோப்பு திறக்கும் அளவுக்கு அவரை யாரும் கவனித்ததில்லை. இந்த நேரத்தில் ஒரு கீறல் விழுந்து வைத்தால் ஒன்பது வருடமும் கோவிந்தா.

ஆகவே ஒரு திங்கட்கிழமை முற்பகல் பதினொன்று இருபதுக்கு ஸ்டோருக்குப் போய் நின்றார்.

"சார், ஸ்க்ரீன் கார்டு இருக்கா?"

"கார்டெல்லாம் அடையாள அட்டை பிரிவுல கேளுங்க" என்றார் ஸ்டோர்காரர். ஸ்டோரில் வாஷர், குழாய், சாக்கடை மூடி, பினாயில் எல்லாம் அவர் பொறுப்பு.

"அது இல்ல சார். போன் மேல ஒட்டுவாங்களே, கண்ணாடி மாதிரி. கீறாம இருக்க."

"தமிழ்ல சொல்லுங்க. தமிழ்ல இல்லாத பொருளை நான் பதிவேட்டுல ஏத்த முடியாது."

மீட்டர்காரர் யோசித்தார். "ஒட்டு சார்" என்றார்.

"ஒட்டு இல்லை" என்றார் ஸ்டோர்காரர். இல்லை என்றாலும் கேட்டது கேட்டதுதான் என்பது ஸ்டோர் சட்டம். பதிவேட்டைத் திறந்து எழுதினார்: 'தற்காலிக மீட்டர் ரீடர், மு.ப. 11.20, ஒட்டு கேட்டார். இல்லை என்று சொல்லப்பட்டது.' சாப்பாட்டுக்குப் பிறகு மீட்டர்காரர் மனசு கேட்காமல் இன்னொரு தடவை வந்து கேட்டார். அதையும் எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே கடைத்தெருவில் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் மனைவி சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான காலரின் முனையைத் திருப்பி முனை மழுங்காமல் தைக்கிற கை. உறையைப் பிரித்து அந்தப் படலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது போனைக் காப்பாத்துமா, இல்ல இதைக் காப்பாத்த இன்னொண்ணு வாங்கணுமா?"

"அதெல்லாம் காப்பாத்தும். தூசி மட்டும் ஒண்ணும் உள்ள போகக் கூடாது."

"நம்ம வீட்ல தூசி இல்லாத இடம் குளியலறை ஒண்ணுதான்" என்றாள்.

இரண்டு வாளி வெந்நீர் வைத்து, ஆவி எழுந்து தூசி எல்லாம் அடங்கிய பிறகு இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முதலில் ஈரத்துணி, பிறகு உலர்துணி, அப்புறம் மிச்சமிருக்கும் துகளை ஒற்றி எடுக்கிற நீலச் சீட்டு. மீட்டர்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு விளக்குக்கு நேரே போனைப் பிடித்திருந்தார். அவள் படலத்தின் ஒரு பக்கத்தை டேப்பால் நிறுத்தி, துணியில் ஊசி குத்தி வைப்பது போல அளவு பார்த்து, மெதுவாக இறக்கினாள். தண்ணீர் பரவுவது போல அது தானாகப் பரவி ஒட்டியது. கீழ் ஓரத்தில் மட்டும் கடுகளவு ஒரு குமிழ் நின்றது. பழைய அட்டை ஒன்றின் முனையால் தள்ளினார்கள். போவது போலப் போய், திரும்பி வந்தது.

"விட்டுடுங்க. உத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்றாள்.

அந்த வருடத்திலேயே அவர்கள் சேர்ந்து செய்து முடித்த நல்ல காரியம் அதுதான். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போனைச் சாய்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

ஸ்டோர் பதிவேடு வாரக் கடைசியில் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே அதைச் சுத்தப் பிரதி எடுக்கிற எழுத்தர் ஒருவர் இருந்தார். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், ஆனால் எல்லாரும் 'ஒற்று' என்றுதான் கூப்பிட்டார்கள். க், ச், த், ப் என்கிற நாலு ஒற்றெழுத்தும் வாரியத்தில் அவர் அனுமதியில்லாமல் மிகவும் கூடாது, மிகாமல் இருக்கவும் கூடாது. ஒருமுறை பெரிய குழாய் வெடித்து மூன்று தெருக்கள் முழங்காலளவு முழுகிய அவசர அறிக்கையை, 'தண்ணீர்க் குழாய்' என்பதில் 'க்' இல்லை என்று திருப்பி அனுப்பியவர் அவர். அறிக்கை திருந்தி வருவதற்குள் தண்ணீர் தானாகவே வடிந்துவிட்டது. வாரியம் மேற்கொண்ட துரித நடவடிக்கை என்று அதற்குப் பாராட்டும் வந்தது.

ஒற்று, 'ஒட்டு கேட்டார்' என்பதைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பேனாவைத் திறந்து நடுவில் ஒரு 'க்' போட்டார். இரண்டாவது இடத்திலும் மறக்காமல் போட்டார். ஒரே ஒரு ஒற்றைப் போட்டு வாரியத்துக்குள் ஒரு ஒற்றனை உண்டாக்கிவிட்டோம் என்பது தெரியாமல் எழுந்து டீ குடிக்கப் போனார்.

சுத்தப் பிரதி சூப்பிரண்டு மேசைக்குப் போனது. 'தற்காலிக மீட்டர் ரீடர், மு.ப. 11.20, ஒட்டுக் கேட்டார். இல்லை என்று சொல்லப்பட்டது. பி.ப. 2.40, மீண்டும் ஒட்டுக் கேட்டார்.' சூப்பிரண்டு அதைச் சிவப்பில் அடிக்கோடிட்டார். ஒட்டுக் கேட்டதுமல்லாமல் இல்லை என்று சாதித்திருக்கிறான். சாதித்துவிட்டு மறுபடியும் வந்து கேட்டிருக்கிறான். எவ்வளவு நெஞ்சழுத்தம். 'அவசரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்தவர் 'பார்த்தேன்' என்று போட்டார். அதற்கு அடுத்தவர் பார்க்காமலேயே 'பார்த்தேன்' என்று போட்டார். எட்டாவது கையெழுத்து பெரிய அதிகாரியுடையது. 'விசாரிக்க' என்று ஒரே சொல். மீட்டர்காரர் பெயரில் முதன்முதலாக ஒரு கோப்பு திறந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் பத்து மணிக்கு அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்து, பத்தரைக்கு விசாரணை என்றார்கள். 'ஒட்டுக் கேட்டது தொடர்பாக' என்று இருந்தது. மீட்டர்காரர் அதை அவசரத்தில் படித்தார். ஒரு பிளாஸ்டிக் படலம் கேட்டதற்கு விசாரணையா என்று தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். ஆனால் உண்மையைச் சொன்னால் என்ன செய்துவிடுவார்கள் என்று ஒரு தைரியம். ஒன்பது வருடம் அங்கே வேலை பார்த்தும் அவருக்கு அந்தத் தைரியம் எப்படி மிச்சமிருந்தது என்றுதான் தெரியவில்லை.

விசாரணை அறையில் நடுவில் பெரிய அதிகாரி, பக்கத்தில் சூப்பிரண்டு, குறிப்பெடுக்க ஒற்று. பெரிய அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னுரை ஆற்றினார்.

"இந்த வாரியத்துல ஒளிவு மறைவுங்கிற பேச்சுக்கே இடமில்லை. நாங்க செய்யறதெல்லாம் வெளிப்படையாத்தான் செய்யறோம். அதுக்காகத்தான் எல்லாக் கதவையும் சாத்தி வச்சிருக்கோம், வெளிப்படையான ஒரு விஷயத்தை வெளியாள் யாரும் கெடுத்துடக் கூடாது பாருங்க. இப்ப சொல்லுங்க. ஒட்டுக் கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று மூன்று பேரும் எதிர்பார்க்கவில்லை. சூப்பிரண்டு நாற்காலியில் நிமிர்ந்தார்.

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை சார். காலையில ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு."

"எதுக்கு?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான் சார். நிரந்தரப் பட்டியல் வர்ற நேரம். நாளைக்கே ஏதாவது ஒண்ணுன்னா நாமதானே மாட்டுவோம்? முன்ஜாக்கிரதையா இருக்கலாம்னு பார்த்தேன்."

"ஸ்டோர்ல கிடைச்சுதா?"

"அங்க இல்லைன்னுட்டாங்க. அப்புறம் வெளியில ஒருத்தர்கிட்ட வாங்கிட்டேன். வெளியில சர்வ சாதாரணமாக் கிடைக்குது சார். தெருவுக்குத் தெரு வச்சிருக்காங்க."

"நம்ம வாரியத்தோடதா?" என்றார் சூப்பிரண்டு.

"எல்லாருதும் வச்சிருக்காங்க சார். நம்மளது எதுன்னு சொன்னா எடுத்துத் தர்றாங்க."

பெரிய அதிகாரி தண்ணீர் குடித்தார். "வாங்கி என்ன பண்ணீங்க?"

"வீட்டுக்குக் கொண்டுபோய், நானும் வீட்டுக்காரியும் குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்துட்டோம். வெளிய வச்சுப் பண்ற காரியமா சார் இது?"

"சம்சாரத்துக்கும் தெரியுமா?"

"எல்லாத்தையும் பண்ணினதே அவதான். எனக்கெல்லாம் கை நடுங்கும்."

"முழுசும் வந்துச்சா?"

"பளிச்சுனு வந்துச்சு சார். இப்பவும் போன்லதான் இருக்கு. பார்க்கறீங்களா?"

"வேண்டாம்" என்றன மூன்று குரல்கள்.

பளிச்சென்று வந்தது என்று பெருமையடித்துக்கொண்டோமே, நாளைக்கு எடுத்துப் பார்த்துக் குறை சொன்னால் என்ன செய்வது என்று மீட்டர்காரருக்கு உறுத்தியது. ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்தார்.

"ஒரே ஒரு விஷயம் சார். உள்ள கொஞ்சம் காத்து இருக்கு."

பெரிய அதிகாரி கையிலிருந்த தம்ளர் மேசையில் தட்டியது. "என்ன இருக்கு?"

"காத்து சார். மறைக்கணும்னுதான் பார்த்தோம், முடியலை. ஆனா வெளியில யாருக்கும் தெரியாது. உத்துப் பார்க்கறவங்களுக்குத்தான் தெரியும்."

விசாரணை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மீட்டர்காரருக்குப் புரியவே இல்லை. வெளியே வந்தவருக்கு உட்கார நாற்காலி போட்டார்கள். ஒன்பது வருடத்தில் அந்த அலுவலகத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. டீ வந்தது, சாசரோடு. அவருக்குச் சாசரைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. ஆட்டுக்கு மாலை போடுகிறார்களோ என்று நினைத்தார்.

முதலில் வந்து காதைக் கடித்தவர் ஸ்டோர்காரர். "அன்னைக்கு ஒட்டு வேணும்னு சாக்குச் சொல்லி நீங்க வந்தப்போ நான் போன்ல பேசிட்டிருந்தேன். கேட்டிருப்பீங்க, பரவாயில்லை. நாப்பது இரும்பு மூடி துருப்பிடிச்சுக் கரைஞ்சு போச்சுன்னு எழுதினது நான்தான். ஒத்துக்கறேன். ஆனா தனி ஒரு மனுஷனால நாப்பது மூடியைக் கரைக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க. கரைச்சவங்க எல்லாரும் மேல இருக்காங்க."

மீட்டர்காரர் தலையாட்டினார். என்ன சொல்வதென்று தெரியாதபோது தலையாட்டுவது அவர் வழக்கம். அதைப் பார்த்து ஸ்டோர்காரர், இவருக்கு மேலே யார் யார் என்பதும் தெரிந்திருக்கிறது என்று முடிவு கட்டினார்.

அடுத்து சூப்பிரண்டு மாடிப்படித் திருப்பத்தில் மடக்கினார். "ஆறு வருஷமா வியாழக்கிழமை தோறும் களப்பணின்னு எழுதறேன். களம் எங்க வீட்டுக் கட்டில்தான்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன். நான் ஆபீஸ்ல இருக்கற நாலு நாள்ல கிடப்புல போடற கோப்பைக் கணக்குப் பாருங்க. வியாழக்கிழமை நான் தூங்கறதுதான் இந்த வாரியத்துக்கு நான் செய்யற பெரிய சேவை."

கடைசியில் பெரிய அதிகாரியே அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்தி, மின்விசிறியைச் சத்தம் வரும்படி வேகமாக வைத்தார்.

"காத்து விஷயம் உங்களுக்கு எவ்வளவு தூரம் தெரியும்?"

"உள்ள இருக்கறது தெரியும் சார். எப்படிப் போச்சுன்னுதான் தெரியலை."

"நடிக்க வேண்டாம். குழாயில தண்ணி வர்றதுக்கு முன்னாடி காத்து வரும். காத்து வந்தாலும் மீட்டர் ஓடும். பாதி நாள் காத்து மட்டும்தான் வரும், அப்பவும் ஓடும். மீட்டருக்கு அறிவு கிடையாது. நமக்கு இருக்கு, அதனால நாங்க வாயைத் திறக்கறதில்லை. தண்ணி தர்றோம்னுதான் வாரியம் சொல்லியிருக்கு. காத்தும் தர்றோம்னா அது கூடுதல் சேவை. இதுல ஜனங்களுக்கு என்ன நஷ்டம்? காத்து இல்லாம எவனாவது உயிரோட இருக்க முடியுமா?"

மீட்டர்காரருக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. ஒன்பது வருடமாக எத்தனை வாசல்களில் எத்தனை பெண்கள் கேட்டிருக்கிறார்கள், தண்ணீரே வரவில்லை, இது எப்படி ஓடியது என்று. மீட்டர் பொய் சொல்லாதும்மா, உங்க வீட்டில் எங்கேயோ ஒழுகுது பாருங்க என்று அவர் ஒவ்வொரு வாசலிலும் சொல்லியிருக்கிறார். நம்பித்தான் சொன்னார். ஒரு கிழவர் ஒழுகலைத் தேடிச் சமையலறைத் தரையையே பெயர்த்துப் போட்டது ஞாபகம் வந்தது. அவமானமாக இருந்தது. அந்த அறையில் அது அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சாசர் விஷயத்தையும், அதிகாரி ஜன்னலைச் சாத்திவிட்டு ஏதோ சொன்னார் என்பதையும் சொன்னார். அவள் சோற்றுக்கையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்குச் சாசர்ல டீ கொடுத்தாங்களா? ஏங்க, அவங்க உங்களைப் பார்த்துப் பயப்படறாங்க. அந்தத் தாளை எடுங்க, பார்ப்போம்."

கையைக் கழுவிக்கொண்டு வந்து தாளை வாங்கினாள். ஒரு தையல் தப்பினாலும் கண்டுபிடிக்கிற கண். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டது.

"இங்க எதுக்கு ஒரு 'க்'?"

"அது ஆபீஸ் தமிழ். அங்கங்க போடுவாங்க."

"நீங்க கேட்டது ஒட்டு. ஒட்டு கேட்டீங்க. இவங்க எழுதியிருக்கறது ஒட்டுக் கேட்டீங்கன்னு. கதவுக்குப் பின்னால நின்னு அடுத்தவங்க பேச்சைக் கேக்கற ஜாதின்னு உங்களை எழுதி வச்சிருக்காங்க."

மீட்டர்காரர் ஒருமுறை 'க்' போட்டுப் படித்தார், ஒருமுறை போடாமல் படித்தார். விசாரணையில் தான் சொன்ன ஒவ்வொரு பதிலும் வரிசையாக ஞாபகம் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உக்காந்தா ஆச்சா? நாளைக்கே போய் அந்த ஒரு எழுத்தை எடுக்கச் சொல்லுங்க" என்றாள். "நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்லைன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியட்டும்."

மறுநாள் அதே அறை, அதே மூன்று பேர். மீட்டர்காரர் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் ஒற்றுவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"'ஒட்டு' வன்றொடர்க் குற்றியலுகரம். அதுக்குப் பின்னால வல்லினம் வந்தா மிகும். இலக்கணம் என் அப்பன் வீட்டுச் சொத்தா? நான் எப்படி 'க்' போடாம விட முடியும்?"

"நான் கேட்டது ஒட்டை சார். ஒட்டைக் கேட்டேன்."

"'ஐ' உருபு மறைஞ்சு வந்தா அது இரண்டாம் வேற்றுமைத் தொகை. அங்க மிகாது. ஐ மறைஞ்சிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? மறைஞ்சிருக்கறதைக் கண்டுபிடிக்கறது என் வேலையா?"

சூப்பிரண்டு பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார். மூலத்தில் 'க்' இல்லை. போனையும் வாங்கிச் சாய்த்துப் பார்த்தார்கள். படலம் இருந்தது, ஓரத்தில் கடுகளவு காற்றும் இருந்தது.

"அந்த எழுத்தை எடுத்துட்டா போதும் சார்" என்றார் மீட்டர்காரர்.

"ஒரு எழுத்துன்னு சுலபமாச் சொல்றீங்க" என்றார் பெரிய அதிகாரி. "இந்தக் கோப்புல எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம். எட்டுப் பேரும் 'க்'கோடதான் போட்டிருக்கோம். அதை எடுத்தா எட்டுப் பேரும் தப்புன்னு ஆயிடும். அது இருந்தா நீங்க ஒருத்தர்தான் தப்பு. எட்டு பெருசா, ஒண்ணு பெருசா?"

"ஆனா நான் ஒட்டுக் கேக்கலையே சார்."

"கேக்கலைன்னா காத்து விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்கதானே சார் சொன்னீங்க. ஜன்னலைச் சாத்திட்டு."

பெரிய அதிகாரி சூப்பிரண்டைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"வியாழக்கிழமை பத்தி லேசா" என்றார் சூப்பிரண்டு.

"பார்த்தீங்களா, விஷயம் எவ்வளவு மோசமாயிடுச்சு" என்று பெரிய அதிகாரி மீட்டர்காரர் பக்கம் திரும்பினார். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "நீங்க ஒட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா குத்தம் உங்களோடது. நாங்களா வலிய வந்து சொன்னோம்னா குத்தம் எங்களோடது. குத்தம் யாரோடதா இருந்தா வாரியத்துக்கு நல்லது? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்கு வாரியத்து மேல பற்று இருக்குன்னு நினைக்கிறேன்."

இரண்டு வழி காட்டினார்கள். ஒன்று, 'க்' சரியா தவறா என்று மொழிக் குழுவுக்கு எழுதிக் கேட்பது. மொழிக் குழு இன்னும் அமைக்கப்படவில்லை. அமைகிற வரைக்கும் கோப்பு நிலுவையில் இருக்கும், கோப்பு நிலுவையில் இருக்கிறவர் பெயர் பட்டியலில் வராது. இன்னொன்று, 'ஒட்டுக் கேட்டேன்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவது. கோப்பு முடிந்துவிடும். முடிந்த கோப்பு நிலுவை ஆகாது. அதோடு, இவ்வளவு காரியங்களை இரண்டே தடவையில் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒருவரை வாரியம் தெருவில் அலைய விடாது.

"வெளியில விட்டா பேசிடுவார்" என்றார் சூப்பிரண்டு, மீட்டர்காரர் அங்கே இல்லாதது போல.

மீட்டர்காரர் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று அவள் சொன்னது காதில் இருந்தது. ஒன்பது வருடமாக மாதா மாதம், இந்தத் தடவையாவது வந்துச்சா என்று அவள் கேட்டதும் காதில் இருந்தது. இரண்டையும் சொன்னது ஒரே ஆள்தான். அவர் கையெழுத்துப் போட்டார். ஒற்று எட்டிப் பார்த்து, 'க்' இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டார்.

ஆணை வாரக் கடைசியில் வந்தது. 'உதவிச் செவியர், நிரந்தரம்.' 'ச்' இருந்தது. வேலை, உள் விழிப்புப் பிரிவில். எந்த அறையில் யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுப் பெரிய அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். முக்காலி ஒன்று ஒப்படைக்கப்பட்டது. கைப்பேசியை மட்டும் படலத்தோடு திருப்பி வாங்கிக்கொண்டார்கள். விதிமுறையும் வந்தது: கதவின் கீல் பக்கம் நிற்க. காதை ஒட்டும் முன் மூச்சை அடக்குக. காதில் கேட்டதை வீட்டில் சொல்லற்க.

மனைவி ஆணையைக் கடைசி எழுத்து வரைக்கும் படித்தாள்.

"எழுத்தை எடுக்கச் சொல்லித்தானே அனுப்பினேன்?"

"எடுத்தா பட்டியல்ல பேர் இல்லைன்னாங்க."

"நீங்க கேக்கலைன்னு சொல்லலியா?"

"சொன்னேன். அப்புறம் கேட்டேன்னு எழுதிக் கொடுத்தேன்."

அவள் தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். "அந்த அதிகாரி ஜன்னலைச் சாத்திட்டு என்னமோ சொன்னார்னீங்களே, அது என்ன?"

"அது சொல்லக் கூடாது" என்றார் அவர். கல்யாணமாகி அவளிடம் அவர் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

உதவிச் செவியர் வேலையில் நல்ல பெயர் எடுத்தார். ஒரு மாதத்தில் வாரியமே மாறிப்போனது. அவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தால் அறைகளுக்குள் பெரிய அதிகாரியைப் புகழ்கிற சத்தம் வரிசையாகக் கிளம்பும். தாண்டிப் போனதும் அடங்கும். எல்லாரும் அவருக்கு வணக்கம் சொன்னார்கள், யாரும் அவரோடு பேசவில்லை. புகழ்ச்சியை நம்ப முடியாமல், அடங்கிய பிறகு என்ன பேசுகிறார்கள் என்று கேட்க அவர் திரும்பி வருவார். அடங்கிய பிறகு யாரும் எதுவும் பேசவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய சந்தேகத்தைக் கொடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் கடைக்குப் போய்விட்டு வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி தன் தங்கையோடு போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் சிரிப்பு நின்றது. "அவர் வந்துட்டார்" என்று போனில் மெதுவாகச் சொன்னாள். அவரைப் பார்த்து லேசாகப் புன்னகைத்துவிட்டு, எழுந்து உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்கா தங்கை பேச்சில் என்ன இருக்கப்போகிறது என்று அவர் நினைத்தார். பையை வைத்தார். தண்ணீர் குடித்தார். அவர் வந்துட்டார் என்று ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். செருப்பில்லாத கால் சத்தம் போடவில்லை. கீல் பக்கம் போய் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு, காதைக் கதவில் வைத்தார்.

உள்ளே பேச்சே இல்லை. மரப்பலகைக்கு அந்தப் பக்கம், அவர் காதுக்கு நேர் எதிரே, அவளும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது அவருக்குக் கேட்டது.